வாளியில் மிதந்த கல்லை நம்பி லோடு இறக்காதீர்கள்

சுவர் கட்டும் லேசான கல் விற்கிறவர் ஒரு வாளித் தண்ணீரில் துண்டுக் கல்லைப் போட்டு, "பாருங்க சார், மிதக்குது, இதுதான் ஒரிஜினல் ஏஏசி" என்று காட்டினால் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். திருச்சியில் வீடு கட்டும்போது நான் கொடுத்தேன். இன்று என் வீட்டின் வெளிச்சுவர் முழுக்க விரிசல்.

அம்மாவின் அறை மேற்குப் பக்கம் வருகிறது. செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி உள்ளே விடும். பழைய வீட்டில் சித்திரை, வைகாசி மாதங்களில் அம்மா தூங்க முடியாமல் திண்ணைக்கு வந்து படுப்பதைப் பார்த்தவன் நான். அதனால்தான் வெளிச்சுவருக்கு, சூட்டை அவ்வளவாகக் கடத்தாத 8 அங்குல ஏஏசி பிளாக் என்று முடிவு செய்தேன்.

ஏஏசி என்பது சாம்பல், சுண்ணாம்பு, சிமெண்டுடன் கொஞ்சம் அலுமினியத் தூள் சேர்த்துச் செய்வது. கலவை இட்லி மாவு மாதிரி பொங்கும். அதைக் கம்பியால் அறுத்து, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி நீராவியில், அழுத்தத்தில், பல மணி நேரம் வேக வைப்பார்கள். அந்த வேக்காடுதான் உயிர். அதில்தான் கல்லுக்குப் பலம் ஏறுகிறது, பிற்பாடு சுவரில் சுருங்குவதும் குறைகிறது.

எங்களுக்கு வந்தது சிஎல்சி என்கிற நுரைக் கல். சிமெண்ட் சாம்பல் கலவையில் நுரையைக் கலந்து அச்சில் ஊற்றுவது. நீராவி வேக்காடு கிடையாது. அதையும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டு 28 நாள் கியூரிங் செய்து, காய வைத்துக் கொடுத்தால் உள்சுவருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஏஏசி என்று சொல்லி, ஏஏசி விலையும் வாங்கிக்கொண்டு, சரியாகக் காயாத பச்சைக் கல்லை அனுப்பினார்கள். அது காய்ந்து சுருங்கியதெல்லாம் என் சுவரில் நடந்தது.

மிதப்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கன மீட்டருக்கு 1000 கிலோவுக்குக் கீழே அடர்த்தி உள்ள எந்தக் கல்லும் மிதக்கும். வீடு கட்ட அதிகம் வாங்கும் ஏஏசி 551 முதல் 650 கிலோ வரை உள்ள ரகம். இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 2185 பகுதி 3 அந்த ரகத்துக்கு முதல் தரமென்றால் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் பலம் கேட்கிறது, இரண்டாம் தரத்துக்கு 3.

எடை போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். 600 × 200 × 200 மில்லிமீட்டர் கல் 24 லிட்டர் கொள்ளளவு. காய்ந்த ஏஏசி என்றால் 14, 15 கிலோ. ஆலையிலிருந்து ஈரத்தோடு வந்தாலும் 18, 19 வரும். எங்கள் கல்லைத் தூக்கிய கொத்தனார் அண்ணன் முதல் நாளே, "தம்பி, போன சைட்ல தூக்குனதைவிட இது ரொம்பக் கனமா இருக்கே" என்றார். போன் போட்டேன். "மழையில நனைஞ்சிருக்கும் சார்" என்றார் கடைக்காரர். சரி என்று விட்டுவிட்டேன். அனுபவமுள்ள ஒரு மனிதர் சொன்னதைக் கேட்காதது இப்போதும் உறுத்துகிறது.

பூச்சு முடிந்து மூன்று மாதத்தில் கல் இணைப்பைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடியது. பில்லரும் கல்லும் சேருமிடத்தில் வலை அடித்திருந்தோம், அப்படியும் நிற்கவில்லை. மீதமிருந்த கற்களை ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தோம். காய்ந்த அடர்த்தி 960, பலம் 2.5 கூட வரவில்லை. அடர்த்தி ஏறினால் சூடு கடத்துவதும் ஏறும். எதற்காக இந்தக் கல்லைத் தேடிப் போனேனோ அதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை.

பில்லை எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அதில் எங்கேயும் ஏஏசி என்ற சொல் இல்லை. "லைட் வெயிட் பிளாக்" என்று மட்டும் இருந்தது. தயவுசெய்து பில்லில் ஏஏசி என்றும், தர எண்ணும், ஆலையின் பெயரும் எழுதி வாங்குங்கள். முதல் லோடு வந்ததும் நாலைந்து கல்லைத் தராசில் வையுங்கள், மளிகைக் கடைத் தராசே போதும். 22 கிலோவைத் தாண்டினால் இறக்கவே விடாதீர்கள். ஒன்றை உடைத்தும் பாருங்கள். ஏஏசி உள்ளே சின்னச் சின்னத் துளையாக ஒரே சீராக இருக்கும். எங்களுடையதில் பெரிதும் சிறிதுமாகக் குமிழ்கள், விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தது.

கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். விலை பேசியபோது அவரே வாட்ஸ்அப்பில் "ஏஏசி 8 இன்ச்" என்று அனுப்பிய செய்தி கையில் இருக்கிறது. பில் கைவிட்ட இடத்தில் அதுதான் எனக்கு ஆதாரம். மேற்குச் சுவரில் விரிசல்களைக் கீறி நிரப்பி, ஃபைபர் வலை ஒட்டி மறுபடி பூசும் வேலை நேற்று ஆரம்பித்திருக்கிறது. அது முடியும்வரை அம்மா ஹாலில் படுத்துக்கொள்கிறார்.