மாமாவின் ஈரலில் ஒரு நீர்க்கட்டி

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து மானாமதுரைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே போனது.

மாமாவுக்கு வலது விலாவுக்குக் கீழே பாரம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. தனியார் ஸ்கேன் சென்டர் ஒன்றில் பார்த்துவிட்டு, "ஈரல்ல சாதாரண நீர்க்கட்டிதான், ஊசி போட்டு உறிஞ்சிடலாம், நாளைக்கே வாங்க" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாலு மணி நேரம் வரிசையில் நின்றோம். ஆனால் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "ஆடு, நாய் வளர்க்கிறீங்களாய்யா?" என்பதுதான். மாமா ஆயுசு பூராவும் ஆட்டுக்கிடையோடும் கிடை நாய்களோடும் அலைந்தவர்.

அது ஹைடாடிட் கட்டி. நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழு இருக்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வந்து மண்ணிலும் கீரையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. நம் வாய்க்குள் போனால் குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கின்றன. அந்த ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. அதனால் 100 பேரில் சுமார் 70 பேருக்கு அங்கேதான் கட்டி. வருஷக்கணக்கில் வலியே தெரியாமல் வளரும். பெரிதானதும் ஈரலை நசுக்கும். பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை, கிருமி சேர்ந்தால் சீழும் காய்ச்சலும். வயிற்றுக்குள் உடைந்தால் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிரே போகலாம். சிந்திய நீரிலிருந்து புதுக்கட்டிகளும் முளைக்கும். ஊசியால் எடுக்கும் முறை இருக்கிறதுதான். அதற்கு முன்பே அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை தர வேண்டும், அதிர்ச்சி வந்தால் சமாளிக்க ஆள் வேண்டும். அந்த ஸ்கேன் சென்டரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நினைத்தால் இன்னும் பதறுகிறது.

மாமாவுக்குக் கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் நிறைய இருந்ததால் அறுவை சிகிச்சைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையிலேயே முடிந்தது. அந்த அல்பெண்டசோல் மாத்திரை ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை தொடர்கிறது.

அத்தை பயந்துபோய்க் கறி எடுப்பதையே நிறுத்திவிட்டார். கறி சாப்பிட்டு இது வருவதில்லை என்று புரியவைக்க இரண்டு நாள் ஆனது. ஆட்டுக்கும் இதே கட்டி வரும்; கட்டி உள்ள அந்த ஈரலையும் நுரையீரலையும் நாய் தின்றால்தான் புழு நாய்க்குப் போய், மறுபடி சுற்று ஆரம்பிக்கிறது.

அடுத்த வாரம் குலசாமி கோயிலில் கிடா வெட்டு. ஒரு ஈரலில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தது. "இது ஆகாது, நாய்க்குப் போடு" என்றார் ஒரு பெரியவர். காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம். மச்சானும் நானும் மண்வெட்டி வாங்கி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்தோம். அப்புறம் கால்நடை மருந்தகத்துக்குப் போய் ஐந்து நாய்களுக்கும் நாடாப்புழுவைக் கொல்லும் பிரசிகுவாண்டல் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த தேதியை மச்சான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.