துப்பாக்கி திருத்தும் கருவிகளும் பழைய சிங்கர் மெஷின்களும்: கொழும்பு வீட்டில் சில வருட அனுபவம்

ரைபிள் திருத்துபவர்களுக்காக அமெரிக்காவில் விற்கும் ஸ்க்ரூ ட்ரைவர் பெட்டி ஒன்று 2019 முதல் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் இருக்கிறது. ரைபிள்தான் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இங்கே இன்றும் நடப்பில் உள்ளது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், பிறருடையதைத் திருத்திக் கொடுக்கவும் உரிமம் வேண்டும். ஆகவே யூடியூபில் அமெரிக்கக்காரர் வீட்டு கராஜில் செய்வதைப் பார்த்துவிட்டு கொழும்பில் யாரும் இறங்கக்கூடாது. நான் அந்தக் கருவிகளால் திருத்துவது பழைய சிங்கர் தையல் மெஷின்களை.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ஒற்றைக் கீறல் திருகாணிதான் சம்பந்தம். பழைய ரைபிளும் பழைய சிங்கரும் நட்சத்திரத் தலை ஆணி வருவதற்கு முந்திய காலத்தின் வார்ப்பு. சிங்கர் இந்தத் தீவுக்கு வந்தது 1877இல். இன்றும் கொட்டாஞ்சேனையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகளின் மூலையில் 15கே, 66கே, 99கே மெஷின்கள் துணி மூடிக் கிடக்கின்றன. அந்த ‘கே’ ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையைக் குறிப்பது. அது 1980இல் மூடப்பட்டுவிட்டது. அதன் திருகாணிகளில் பெரும்பாலானவற்றின் புரி சிங்கருக்கே உரியது, மெட்ரிக்குக்குப் பொருந்தாது. இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெரு முழுக்க ஏறி இறங்கினாலும் மாற்று கிடைக்காது. கொட்டாஞ்சேனையில் மெஷின் திருத்தும் ஒரு ஐயா எனக்கு முதலில் சொன்னதும் இதைத்தான்: “தம்பி, தலை போச்சுதெண்டால் ஆணி போச்சு. ஆணி போச்சுதெண்டால் இன்னொரு மெஷினை உடைக்க வேணும்.”

கடையில் விற்கும் சாதாரண ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். கீறலுக்குள் விட்டால் அது அடியைத் தொடாது, மேல் உதடுகளில் மட்டும் தொங்கி நிற்கும். பலம் கொடுத்துத் திருப்பும்போது சரிவிலேயே வழுக்கி மேலே ஏறி, உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும். துப்பாக்கித் தொழிலாளிகள் பயன்படுத்தும் ஹொலோ கிரவுண்ட் பிட்டில் (பிட் என்பது பிடியில் மாட்டும் நுனித் துண்டு) நுனியின் இரண்டு பக்கமும் குழித்துத் தீட்டப்பட்டு, கடைசித் துண்டு சமாந்தரமாக இருக்கும். அது கீறலின் அடிவரை இறங்கி இரண்டு சுவரையும் முழுதாகப் பிடிக்கிறது. விலையுயர்ந்த ரைபிளில் ஒரு ஆணித்தலை கீறுப்பட்டாலும் பொருளின் மதிப்பு விழும் என்பதால் அந்தத் தொழிலில் இது கட்டாயமாகிப்போனது.

பெட்டியில் ஐம்பதுக்கு மேல் தட்டை பிட்கள். அகலம் ஒன்றாகவே இருந்தாலும் தடிப்பில் நூலளவு வித்தியாசத்தோடு வரிசையாக வரும். பெட்டியின் முழு மதிப்பும் அந்தத் தடிப்பு வரிசையில்தான் இருக்கிறது. அகலம் கொஞ்சம் குறைந்தால் சமாளிக்கலாம், தடிப்பு குறைந்தால் முடியாது. பிட்டைக் கீறலில் வைத்து லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அடுத்த தடிப்பு. எதுவும் சரிவராவிட்டால் ஒரு அளவு பெரிய பிட்டை எண்ணெய்க் கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து இறக்கலாம். சக்கரக் கிரைண்டர் வேண்டாம். சூடேறினால் உருக்கின் கடினம் போய்விடும். இவ்வளவு காலத்தில் நான் அன்றாடம் எடுப்பது ஆறேழு பிட்கள்தான். ஊசித்தட்டு ஆணிகளுக்கு ஒன்று, முகத்தட்டுக்கு ஒன்று, பொபின் கேஸின் இழுவிசை ஆணிக்கு மிகச் சிறியது ஒன்று, இப்படி. மீதி எல்லாம் பெட்டியில் அழகுக்கு இருக்கிறது. அறுகோண பிட்கள், டோர்க்ஸ் பிட்கள் இந்த வேலையில் தேவையே வரவில்லை. கூடவே வந்த இஞ்ச்-பவுண்ட் முறுக்குக் கருவியும் அப்படித்தான். அது தொலைநோக்கிப் பிடிகளை ரைபிளில் அளவாக இறுக்குவதற்கானது, தையல் மெஷினில் கை உணர்வே போதும்.

இறுகிப்போன ஆணிக்கும் துப்பாக்கித் தொழிலாளிகளுடைய ஒழுங்கு முறையே நல்லது. முதலில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுவது. அடுத்த நாள் பிட்டைக் கீறலில் நிறுத்தி, பிடியின் பின்பக்கம் சிறு சுத்தியலால் சில தட்டு. அதிர்ச்சியில் புரியில் ஒட்டிய துரு நொறுங்கும். அதற்கும் அசையாவிட்டால் சூடு. சிங்கரில் தீச்சுவாலை காட்டவே கூடாது, கறுப்புப் பூச்சும் பொன் நிறக் கோலமும் கருகிவிடும். சொல்டரிங் அயனின் நுனியை ஆணித்தலையில் மட்டும் சில நிமிடம் ஊன்றினால் போதும். அப்புறம் முதல் அசைவை இறுக்கும் பக்கம் கொடுத்துவிட்டுத் திறக்கும் பக்கம் வர வேண்டும். இன்னொன்று: அந்தப் பொன் கோலத்தின் மேல் இருப்பது ஷெலாக். ஸ்பிரிட் பட்டால் கரையும். துடைப்பதற்கு மெஷின் ஒயிலே நல்லது.

பித்தளை பஞ்ச்களும் (ஊசிகளை அடித்து வெளியே தள்ளும் கோல்கள்) நைலோன் தலைச் சுத்தியலும் எனக்கு இரண்டாவது பிடித்தவை. மெஷினின் தண்டுகளில் சில இடங்களில் பாகங்களைப் பூட்டும் கூம்பு ஊசிகள் இருக்கும், ஒரு முனை தடிப்பு, மறு முனை மெல்லியது. கலிப்பரால் இரு முனையையும் அளந்து, மெல்லிய பக்கத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். முதலில் குட்டையான தடித்த பஞ்சால் ஊசியை அசைத்துவிட்டு, பிறகு நீளமானதை எடுக்க வேண்டும். நீளமானதை முதலிலேயே எடுத்தால் வளையும். பித்தளை உருக்கில் மஞ்சள் தடம் விடும், மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்த்தால் போய்விடும். வைஸுக்கு மென் தாடை என்று தனியாக விற்பதை வாங்கவில்லை. புறக்கோட்டையில் வாங்கிய அலுமினிய அங்கிள் இரண்டு துண்டும் பழைய பெல்ட் தோலும் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கின்றன.

இனி ஏமாற்றம் தந்தவை. கோல்ட் புளூ (cold blue) என்று, சூடாக்காமலே உருக்கைக் கறுப்பாக்கும் ஒரு திரவம். செலீனியச் சேர்மமும் செப்பு உப்பும் கலந்தது, சுத்தமான உருக்கில் தடவினால் நிமிடத்தில் கறுக்கும். படத்தில் அருமை. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையில் அந்தக் கறுப்பின் மேலேயே சில வாரங்களில் செந்துரு பூத்தது. படலம் மிக மெல்லியது, துருவைத் தடுக்க அதனால் ஆகாது. நிக்கல் முலாம் உள்ள பாகங்களில் அது பிடிக்கவே பிடிக்காது. நச்சு வேறு, கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் தொடக்கூடாது. ஆணித்தலைகளுக்கு நான் கைக்கொண்டது அதைவிடப் பழைய வழி: மெருகிட்ட ஆணியைப் பித்தளைத் தூளுக்குள் நிற்க வைத்துச் சூடாக்குவது. வைக்கோல் நிறம், ஊதா என்று மாறி, ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் மயில் நீலம் வரும். அந்தக் கணத்தில் எடுத்து எண்ணெயில் போட வேண்டும். அழகில் கோல்ட் புளூ பக்கத்திலும் வராது. பழைய சிறந்த துப்பாக்கிகளின் ஆணி நீலமும் இந்த வகைதான்.

துருவை வேண்டுமென்றே வளர்த்து, கொதிநீரில் போட்டு அதைக் கறுப்பாக்கும் முறையும் துப்பாக்கித் தொழிலாளிகளிடம் உண்டு. வறண்ட ஊர்க்காரர்கள் அதற்காக ஈரப்பெட்டி கட்டுகிறார்களாம். எங்களுக்கு அந்தச் செலவு இல்லை, வீடே ஈரப்பெட்டி.

அதே ஈரம் கருவிகளையும் விடவில்லை. பெட்டிக்குள் இருந்த ஸ்பொஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்து பிட்களின் அடியைப் புள்ளி புள்ளியாக அரித்தது. ஸ்பொஞ்சைக் கழற்றி வீசி, பிட்களை எண்ணெய்த் துணியில் துடைத்து, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியிறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்த பிறகு பிரச்சினை இல்லை. காந்தப் பிடிதான் இன்னும் தொல்லை. அரத்தூளை எல்லாம் இழுத்துக்கொள்கிறது.

2022இல்தான் இந்தப் பெட்டி அதிகம் உழைத்தது. மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போன காலம். மோட்டர் மெஷின் வைத்திருந்தவர்கள் எல்லாம் அம்மம்மாவின் கால் மெஷினைத் தேடி எடுத்தார்கள். பத்திருபது வருடம் அசையாமல் கிடந்த மெஷினில் பழைய எண்ணெய் பசையாக உறைந்திருக்கும். அதைக் கரைக்க மண்ணெண்ணெய்தான் வழக்கம், ஆனால் அதற்கும் வரிசை. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. ஊசிக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் வேலை நடந்தது.

கால் மெஷின் மேசைக்கு, ரைபிள் கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெயையே பூசுகிறேன். மரத்தின் ரேகை எழும்பி வருவதைப் பார்க்கவே ஒரு சந்தோஷம். நம் ஈரத்தில் ஒரு பூச்சுக் காய நாட்கள் எடுக்கும், பொறுமை வேண்டும். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு: முழுப் பெட்டி வேண்டாம். ரூபாய் விழுந்த பிறகு அந்த விலை நியாயமும் இல்லை. இந்த பிட்களைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். உங்கள் மெஷினின் கீறல்களை அளந்து வைத்துக்கொண்டு, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் ஏழெட்டு பிட் மட்டும் சொல்லி விடுங்கள். இது வெறும் கருவி என்றாலும் பொதியில் துப்பாக்கிப் படம் இருக்கலாம், பில்லையும் கூடவே கொண்டு வரச் சொல்வது நல்லது. தண்டு கால் அங்குல அறுகோணம் என்பதால் இங்கே பஞ்சிகாவத்தையில் வாங்கும் பிடியிலேயே மாட்டலாம்.