பட்ஜெட் சப்வூஃபர்: ஆம்ப் பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா?

சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறைக்குக் குறைந்த செலவில் ஒரு சப்வூஃபர், அதாவது தாழ்ந்த பாஸ் ஓசையை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி, வேண்டுமென்றால் இரண்டு வழி. ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே பொருத்தி வரும் பெட்டியைக் கடையில் வாங்கலாம். அல்லது ஊஃபரை (ஓசை எழுப்பும் கூம்புப் பகுதியை) மட்டும் வாங்கி, பலகை வெட்டிப் பெட்டி கட்டி, வெளியே ஒரு தனி ஆம்ப் வைத்து ஓட்டலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு. என் வீட்டில் ஓடுவதும் அதுதான், ஆகவே இது நடுநிலை அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

வாங்குவதன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அன்று மாலையே ஓடும், உத்தரவாதம் உண்டு, பார்க்க லட்சணமாக இருக்கும். வேண்டாமென்றால் கரூசெல் என்ற பழைய சாமான் விற்கும் இணையத்தளத்தில் விற்று, செலவழித்த பணத்தில் ஒரு பங்கை மீட்கலாம். கையால் கட்டிய பெட்டியை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஊஃபரையும் ஆம்பையும் கழற்றித் தனித்தனியாக விற்றால்தான் காசு. வருடத்துக்கொரு முறை சாமான் மாற்றுபவரும் பலகைத் தூசி ஆகாதவரும் ஆடியோ கடைகள் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒரு சுற்று சுற்றி, காதால் கேட்டு, பிடித்ததை வாங்கிவிடுவதே நல்லது.

ஒரே சப்பை எட்டு, பத்து வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவர் பார்க்க வேண்டியது பராமரிப்பை. கடைச் சப்பில் முதலில் போவது பெரும்பாலும் அதன் முதுகில் இருக்கும் ஆம்ப்தான். அலுமினியத் தகடு வெளியே தெரியும், சர்க்கியூட் போர்டு பெட்டிக்குள் தொங்கும். உள்ளே காற்றோட்டம் கிடையாது. சுவிட்சை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டால் பவர் சப்ளையின் ஒரு பகுதி இரவும் பகலும் விழித்தே இருக்கும். போர்டில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஏர்கான் போடாத நேரத்தில் அறையே 30 டிகிரியில் இருக்கும் ஊர் இது. பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது அதிர்வு. ஊஃபர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் போர்டையும் உலுக்கும். உயரமான கெப்பாசிட்டர், கனமான காயில் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி சோல்டரில் மோதிரம் போல மெல்லிய விரிசல் விழும். இவை ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் தடவும் மஞ்சள் பசையில் சில ரகங்கள், சூட்டில் பழுப்பாகி, ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். சிக்னலே இல்லாமல் ஹம் என்ற இரைச்சல் கேட்பது, தானாக அணைந்து ஏறுவது, விளக்கு எரிந்தும் ஓசை வராதது எல்லாம் இதன் அறிகுறிகள். கெப்பாசிட்டர், மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஆனால் மலிவு மாடல்களுக்குச் சர்க்கியூட் வரைபடம் வெளியே வராது, ஒவ்வொரு தகடும் ஓர் அளவு, ரிப்பேர் கூலியோ சப்பின் விலையைத் தொட்டுவிடும். நல்ல ஊஃபரும் நல்ல பெட்டியும் ஒரு போர்டுக்காகக் குப்பைக்குப் போகின்றன.

ஆம்ப் வெளியே இருந்தால் இந்தக் கவலை விட்டது. போர்டு போனால் வேறொன்றை இரண்டு கம்பியில் மாட்டினால் போதும். டிபிஏ3255 சிப் கொண்ட சின்ன கிளாஸ் டி (குறைவாகச் சூடாகும் வகை) ஆம்ப் ஒன்றும் 48 வோல்ட் அடாப்டரும் இந்த அளவு அறைக்குத் தாராளம். அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஏவி ரிசீவரில் (டிவி, ஸ்பீக்கர்களை இணைக்கும் ஆம்ப்) சப் அவுட் இருந்தால் கிராஸ்ஓவரை, அதாவது பாஸைப் பிரித்துச் சப்புக்கு அனுப்புவதை, 80 ஹெர்ட்ஸில் அதுவே கவனித்துக்கொள்ளும். வெறும் ஸ்டீரியோ ஆம்ப் மட்டும் வைத்திருப்பவர் தாழ்ந்த ஓசையை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் உள்ள மோனோ ஆம்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டிக்கு வருவோம். முதல் தடவை கட்டுபவர் சீல்டு பெட்டியே (காற்றுப் புகாமல் மூடியது) கட்டட்டும். கணக்கு ஒரே வரி (விஏஎஸ், க்யூடிஎஸ் இரண்டும் ஊஃபரின் விவரத்தாளில் இருக்கும் எண்கள்): விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். 0.7 வந்தால் சரி. 12 அங்குல ஊஃபர் ஒன்றுக்கு க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 60 லிட்டர், எஃப்எஸ் (ஊஃபரின் இயல்பு அதிர்வெண்) 25 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 42 லிட்டர் பெட்டியில் 0.70 வரும். 39 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறங்கும், அதன்கீழ் மெல்லச் சரியும். போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் குழாய்) வைத்தால் இன்னும் கீழே போகலாம், ஆனால் பெட்டி பெரிதாகும். போர்ட்டின் டியூனிங்குக்கு (அது ஒத்திசையும் அதிர்வெண்ணுக்கு) கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இல்லாததால் மிகத் தாழ்ந்த ஓசையை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரும் தேவைப்படும். என் கை பழகியது சீல்டில்தான், போர்ட்டைப் பற்றி இதற்கு மேல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த 42 லிட்டருக்கு உள்ளளவு 40 × 38 × 30 செ.மீ. இது 45.6 லிட்டர் வரும், ஊஃபரின் பின்பகுதிக்கும் உள்ளே வைக்கும் தாங்குகட்டைக்கும் மூன்றரை லிட்டர் போய்விடும். 18 மி.மீ. பலகையில் வெட்ட வேண்டியவை: முன், பின் 436 × 416 மி.மீ. இரண்டு, மேல், கீழ் 416 × 300 இரண்டு, பக்கம் 400 × 300 இரண்டு. எட்டடிக்கு நாலடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு போதும். நேர்வெட்டுகளை மரக்கடையிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வீட்டு ரம்பத்தில் சதுரம் சரியாக அமையாது. வட்டத்தை மட்டும், ஊஃபர் கைக்கு வந்து அளந்த பிறகு, ஜிக்சாவில் பகல் நேரத்தில் வெட்டலாம்.

பலகையில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்தது) மலிவு, ஆனால் இந்த ஊர் ஈரத்தில் வெட்டுமுனை உப்பும். மரப்பசையில் சம அளவு தண்ணீர் கலந்து முனைகளில் இரண்டு கோட் பூசுங்கள். ஊஃபர் திருகாணியை நேராக எம்டிஎஃப்பில் ஏற்றினால் இரண்டாம் முறை கழற்றும்போது மரை தேய்ந்துவிடும். பின்னாலிருந்து டீ நட் (பலகையில் பதியும் உலோக மரை) பதித்து போல்ட் போடுவதுதான் நிலைக்கும். ஒட்டிய பெட்டியைப் பட்டையால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு உள்மூலை ஒவ்வொன்றிலும் விரலால் பசையை இழுத்துத் தடவுங்கள். தலையணைப் பஞ்சு அரைக் கிலோ உள்ளே. ஊஃபர் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே ஃபோம் டேப். எல்லாம் முடிந்ததும் கூம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பினால் காற்று கசியவில்லை. சட்டென்று துள்ளினால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் ஸ்பீக்கர் டெர்மினலைச் சுற்றித்தான் இருக்கும்.

ஊஃபர் வாங்கும்போது விளிம்பு ரப்பராக இருப்பதைப் பாருங்கள். ஃபோம் விளிம்பு இந்த ஈரப்பதத்தில் பொடிந்து உதிர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கூலி எடையைப் பொறுத்தது, அதிலும் வெறும் ஊஃபரே லாபம். 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. அமெரிக்க ஆம்ப் என்றால் 230 வோல்ட் ஏற்குமா என்று முதலில் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் கீழ்வீட்டுக்காரரை மறக்கக் கூடாது. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் தானாகவே உரக்க எழும், சுவரோரம் வைத்தால் இன்னும் கூடும். ரப்பர் கால் தரைக்குப் போகும் அதிர்வைக் குறைக்குமே தவிர காற்றில் போவதைத் தடுக்காது. அந்த ஓர் அலைவரிசையை மட்டும் ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஓசையைக் கூட்டிக் குறைக்கும் வசதி) குறைத்துவிட்டால் பாஸும் தெளிவாகும், புகாரும் குறையும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு, கையில் காசு இறுக்கமாக இருப்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஆம்ப் செத்த சப்புகள் கரூசெலில் அடிமாட்டு விலைக்கு வரும். பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கழித்துத் தகட்டைக் கழற்றுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்க்காமல் போர்டில் கை வைக்காதீர்கள். அந்தத் துளையை 18 மி.மீ. பலகையால் அடைத்து, டெர்மினல் மாட்டி, வெளி ஆம்பில் ஓட்டலாம். அதற்கு முன் ஊஃபரின் இரு முனையிலும் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 3.2 முதல் 3.6 ஓம் காட்டினால் அது 4 ஓம் ஊஃபர், பயமில்லை. 2 ஓமுக்குக் கீழே காட்டினால் சாதாரண ஆம்ப் தாங்காது, விட்டுவிடுங்கள். சின்னப் பெட்டியாக இருந்தால் அதன் பழைய ஆம்ப் பாஸை உள்ளுக்குள் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். புது ஆம்பில் ஓசை மெலிந்து கேட்டால் ஊஃபரைக் குறை சொல்ல வேண்டாம், ரிசீவர் ஈக்யூவில் 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு டெசிபலாக ஏற்றி, கூம்பு தட்டும் சத்தம் வருவதற்கு முன் நிறுத்துங்கள்.