ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு டயாலிசிஸ்: எந்த வண்டி சரிப்படும்?

அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. வீடு ஏற்காட்டில், மெஷின் சேலத்தில். நடுவே முப்பது கிலோமீட்டரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும். டயாலிசிஸ் செலவு காப்பீட்டு அட்டையில் போய்விடுகிறது. எங்கள் கைக்காசு கரைவதெல்லாம் வண்டிக்குத்தான். பதினான்கு மாதத்தில் பஸ், ஆப் டாக்சி, கால் டாக்சி, மாமாவின் கார், தெரிந்த வண்டிக்காரர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கடைசியாகச் சொன்னதில் நிலைத்திருக்கிறோம். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலரும் கேட்பதால். 108 இதற்கு இல்லை. அது உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு. தேதி குறித்துப் போகும் சிகிச்சைக்கு அதைக் கூப்பிட்டால், அந்த நேரத்தில் எங்கோ மலையில் பாம்பு கடித்தவருக்கு வண்டி இருக்காது. தனியார் ஆம்புலன்சும் விசாரித்தோம். போக வர 4,500 ரூபாய் கேட்டார்கள். படுத்தே போக வேண்டியவருக்கு வேறு வழியில்லை. உட்கார முடிந்தவருக்கு அது வீண்.

பஸ்ஸைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. மலிவு, நேரத்துக்கு வருகிறது. காலையில் மலை இறங்கும்போது அப்பாவுக்குச் சிரமமே இல்லை. திரும்பி மலை ஏறும்போதுதான் வினை. உடம்பிலிருந்து இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்த பிறகு பிரஷர் இறங்கி, கால் துவண்டு வருபவரைப் புதிய பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்து, உட்கார இடம் கிடைக்குமா என்று பார்ப்பது ஒரு முறைக்கு மேல் மனசு வரவில்லை. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிவர மட்டும் போகிறவர்களுக்குப் பஸ்ஸே போதும். அதற்குப் போய் டாக்சி பிடிக்க வேண்டாம்.

ஆப் டாக்சி சேலம் நகருக்குள் அருமையான விஷயம். அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ குடியிருந்தால் இந்த அலசலையே படிக்க வேண்டாம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அது ஒத்துவரவில்லை. காலை ஐந்தரை மணிக்கு ஏற்காட்டில் அதில் வண்டி காட்டுவது அபூர்வம். மதியம் சேலத்தில் பதிவு செய்தால், "எங்க சார் போகணும்?" என்று போன் வரும். ஏற்காடு என்றதும் ரத்து. ஒருநாள் மூன்று பேர் அடுத்தடுத்து ரத்து செய்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, மேலிருந்து சவாரி இல்லாமல் காலியாக இறங்க வேண்டுமே.

மாமாவின் காரும் ஆக்டிங் டிரைவரும் என்ற ஏற்பாடு கணக்கில் அழகாக இருந்தது. டிரைவருக்கு ஒரு நாள் கூலி, பெட்ரோல், அவ்வளவுதான். ஆனால் கிடைத்தவர் சமவெளிக்காரர். இரண்டாம் கியரில் இறங்க வேண்டிய இடங்களில் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். அடிவாரம் வருவதற்குள் வண்டிக்குள் கருகிய வாடை. மலையில் பழகிய ஆக்டிங் டிரைவர் கிடைத்தால் இது நல்ல வழியாக இருக்கலாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை வாடகைக்குத் தருகிறேன் என்றதை மட்டும் தவிர்த்துவிட்டோம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மஞ்சள் போர்டு வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி எங்கள் வண்டிக்காரர். ஏற்காட்டுக்காரர், மஞ்சள் போர்டு ஈகோ வேன் வைத்திருக்கிறார். போக வர 1,700 ரூபாய். மாதத்துக்கு எட்டு, ஒன்பது நடை. மொத்தம் பதினைந்தாயிரத்தை ஒட்டி வருகிறது. முன்பணமாகப் பாதி கொடுத்துவிடுகிறோம்.

இவரிடம் நாங்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் காத்திருப்பு. வண்டி பேசும்போது எல்லோரும் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். டயாலிசிஸுக்கு ஓட்டம் இரண்டரை மணி நேரம் என்றால் காத்திருப்பு ஐந்து மணி நேரம். ஏழு மணிக்கு வெயிட் பார்த்து, மெஷினில் போட்டு, நான்கு மணி நேரம் ஓடி, ஊசியை எடுத்து ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்து, பிரஷர் சரியாகி எழுந்து வர பதினொன்றரை ஆகலாம், பன்னிரண்டரையும் ஆகலாம். முந்தைய ஆளுக்குத் தாமதமானால் இன்னும் தள்ளும். எப்போது முடியும் என்று சொல்ல முடியாத ஒரு வேலைக்கு வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும். முதலில் வைத்திருந்த கால் டாக்சியில் மணிக்கு 150 ரூபாய் காத்திருப்புக் கட்டணம். பணத்தைவிட, பதினொரு மணியிலிருந்து அந்த டிரைவர் பண்ணும் போன்தான் தாங்கவில்லை. அப்பா மெஷினில் படுத்துக்கொண்டே "அந்தப் பையனை அனுப்பிடு, நான் பஸ்ல வந்துக்குறேன்" என்பார்.

ஈகோ அண்ணனுக்கோ கீழே ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஏற்காட்டு மளிகைக் கடைகள் சிலவற்றுக்குச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலிருந்து சரக்கு எடுத்துவருகிறார். அப்பாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அங்கே போய்விடுவார். பன்னிரண்டு மணி ஆனால் அவருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. சீக்கிரம் முடிந்தால் நாங்கள் அரை மணி நேரம் டீ குடித்துக்கொண்டு காத்திருப்போம். காத்திருப்புக்கு யாரும் யாருக்கும் காசு தருவதில்லை. மலையிலோ ஊருக்கு வெளியிலோ இருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இப்படிக் கீழே சொந்த வேலை உள்ள வண்டிக்காரராகத் தேடுங்கள். பூக்காரர், காய்கறிக்காரர், கொரியர் எடுப்பவர் என்று யாராவது இருப்பார்கள்.

பின்னால் வெங்காய மூட்டையோடு வருவதில் அப்பாவுக்கு வருத்தமில்லை. பூண்டு மூட்டை ஏற்றிய அன்று மட்டும் எட்டாவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டார். அதிலிருந்து செவ்வாய், வெள்ளியில் பூண்டு, கருவாடு கிடையாது என்று ஒப்பந்தம்.

இரண்டாவது நன்மை, ஒரே ஆள் வருவது. அப்பாவின் இடது கையில்தான் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இறுக்கக் கூடாது. புது டிரைவர் ஒவ்வொருவரும் உதவிக்கு வந்து முதலில் அந்தக் கையைத்தான் பிடிப்பார். இவர் இப்போது, "ஐயா, அந்தக் கை வேண்டாம், இதைக் குடுங்க" என்று அவராகவே சொல்கிறார். ஈகோவின் படி அப்பாவுக்கு உயரம். அதற்கென்று ஒரு மணைப்பலகையைச் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார். மலை இறங்கும்போது அப்பாவுக்கு முன் சீட்டு. அடியில் இன்ஜின், சூடு ஏறும். மார்கழிக் குளிரில் அதுதான் சுகம் என்கிறார். மலை ஏறும்போது பின் சீட்டில் வலது ஓரம். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு அந்தக் கை கதவில் இடிக்கிறது. ஒருநாள் திரும்பும்போது, சேலத்துக் கோரிமேடு தாண்டியதும், ஊசி எடுத்த இடத்துப் பஞ்சு ரத்தத்தில் நனைந்துவிட்டது. ஓரம் கட்டி நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு மேல் நான் விரலால் அழுத்திப் பிடித்திருந்தேன். அண்ணன் வாயைத் திறக்கவில்லை, மணியையும் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் பாறை சரிந்தால் குப்பனூர் வழியாக, கொட்டச்சேடு சுற்றிக்கொண்டு போவார். அதற்குக் கூடுதல் காசு கேட்டதில்லை, நாங்களாகக் கொடுக்கிறோம்.

குறைகளும் உண்டு. ஒரே ஆளை நம்பினால் அந்த ஆளுக்குக் காய்ச்சல் வரும். முகூர்த்த நாளில் கல்யாணச் சவாரி வந்தால் முகம் மாறும். ஒரு வெள்ளிக்கிழமை வரவே இல்லை, போனும் எடுக்கவில்லை. அன்று பஸ்ஸில்தான் போனோம், ஒன்றரை மணி நேரம் தாமதம், மெஷின் நேரத்தைக் குறைத்துத்தான் போட்டார்கள். அதன்பிறகு தனக்கு முடியாவிட்டால் முந்தின இரவே சொல்லிவிட்டு, தன் மச்சானை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை இரண்டு முறை மச்சான் வந்தார். அவர் ஓட்டுவது கொஞ்சம் வேகம்.

போகாமலே இருப்பதும் ஒரு வழி. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். பிசியோதெரபிக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். டாக்டர் சொன்னபோது அப்பா வேண்டாம் என்றுவிட்டார், அம்மாவுக்கும் பயம். சேலத்திலிருந்து கோவைக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் ரயிலை மறக்க வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஸ்லீப்பரில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். கதிர்வீச்சு மாதிரி தினமும் போக வேண்டிய சிகிச்சைக்கு எங்கள் ஏற்பாடு தாங்குமா என்று தெரியவில்லை. சரக்கு எடுப்பவரும் தினமும் இறங்க மாட்டாரே.

மே மாதச் சிக்கல்தான் இன்னும் பாக்கி. கோடை விழா சமயத்தில் மலைப்பாதை முழுக்க வெளியூர் கார்கள், அண்ணனுக்கும் நாளுக்கு மூன்று சவாரி கிடைக்கும். அந்த இரண்டு வாரம் அப்பாவைக் கோரிமேட்டில் அக்கா வீட்டில் தங்கவைக்க உத்தேசம். அங்கிருந்து ஆட்டோ போதும். அக்கா சரி என்றுவிட்டாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சேலத்து வெயில் என்றதும் என்ன சொல்வார் என்று தெரியும்.