சிப்பிப்பாறை, கன்னி நாய் வழிகாட்டி என்று மூன்று பாகம்: 168 வெள்ளி போச்சு, வாங்கிவிடாதீர்கள்

பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் விற்கும் ஒரு கைப்பேசிச் செயலியில் வாங்கியது. மூன்று பாகப் புத்தகம், நீல அட்டை, 168 சிங்கப்பூர் வெள்ளி. போன வாரம் பார்சல் வந்தது, உள்ளே இருப்பது தவறு என்று நான் கொடுத்த புகாருக்கு நேற்று மாலை "இந்தப் புகார் முடிக்கப்பட்டது" என்று தகவல் வந்தது. கோபம் ஆறுமுன் எழுதுகிறேன். நம் தென்மாவட்ட நாய்களைப் பற்றிப் புத்தகம் தேடும் யாரும் இதில் மாட்டக்கூடாது. இந்த மாதிரிப் புத்தகங்களை எப்படிச் சோதிப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எப்படி நம்பினேன் என்பது. அல்சேஷனுக்கும் லாப்ரடாருக்கும் நூறு புத்தகம் கிடைக்கும், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். சிப்பிப்பாறைக்கு அது முடியாது. அதனால் விற்றவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: கன்னியையும் சிப்பிப்பாறையையும் பிரித்துச் சொல்லியிருக்கிறதா? ஐந்து நிமிடத்தில் பதில்: "கண்டிப்பா அண்ணே. நாங்களும் நாய் வளர்க்கிற குடும்பம்தான். பக்கத்தையே அனுப்புறேன், பாருங்க." மூன்று பக்கம் படமெடுத்து அனுப்பினார். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, கன்னத்திலும் காலிலும் அதே நிறம், அது கன்னி. மணல் நிறமோ செவலையோ சாம்பலோ உடம்பெல்லாம் ஒரே நிறமாக ஓடினால் சிப்பிப்பாறை. எல்லாம் சரி. அந்த மூன்று பக்கத்தை நம்பித்தான் 168 வெள்ளி கட்டினேன்.

அந்த மூன்று பக்கம் மட்டும்தான் சரி. அவற்றின் எழுத்துருவே வேறு. வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

மற்றதைச் சொல்கிறேன். வளர்ந்த சிப்பிப்பாறையின் எடை "35 முதல் 45 கிலோ" என்று போட்டிருக்கிறது. தோள் உயரம் 60 சென்டிமீட்டரைத் தாண்டினாலும் 15, 20 கிலோதான் இருக்கும், உடம்பு வில் மாதிரி. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு வெளியே தெரிவதுதான் ஆரோக்கியம். புத்தகத்தை நம்பித் தீனி போட்டால் மூட்டு கெட்டுப்போகும். அடுத்து, "இரட்டை அடுக்கு ரோமம், குளிர்காலம் முடிந்ததும் கொட்டும், வாரம் இரண்டு முறை சீவ வேண்டும்" என்கிறது. சிப்பிப்பாறைக்கு உள்ரோமமே கிடையாது. ஒட்ட வெட்டினாற்போல் ஒற்றை அடுக்கு. ஏதோ பனிநாட்டு நாயைப் பற்றிய பத்தியில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதே பத்தி முதல் பாகம் 41-ஆம் பக்கத்திலும் மூன்றாம் பாகம் 112-ஆம் பக்கத்திலும் வரி மாறாமல் இருக்கிறது.

ராஜபாளையம் என்று போட்ட படத்தில் காது வெட்டிய வெள்ளை டோகோ அர்ஜென்டினோ, அதாவது அர்ஜென்டினா நாட்டு நாய், நிற்கிறது. ராஜபாளையத்தின் காது மடிந்து தொங்கும். 2005-இல் இந்திய அஞ்சல்துறை சிப்பிப்பாறைக்கு அஞ்சல்தலை வெளியிட்டதாம். அன்று வந்தவை நான்கு: ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய். சிப்பிப்பாறை அதில் இல்லை.

"அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற இனம்" என்ற வரிதான் இங்கே சிங்கப்பூரில் உள்ளவர்களை நேரடியாகச் சிக்கலில் மாட்டும். வீவக (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சிப்பிப்பாறை கிடையாது. மீறி வளர்த்தால் 4,000 வெள்ளி வரை அபராதம். இந்தியாவிலிருந்து கொண்டுவருவதற்கு வெறிநாய்த் தடுப்பூசி, அதன் பிறகு ரத்தப் பரிசோதனை, இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல் என்று வரிசையாக வேலை இருக்கிறது. அதைப் பற்றி மூன்று பாகத்திலும் ஒரு வரி இல்லை.

ரத்தம் கொதித்தது இரண்டாம் பாகம் 87-ஆம் பக்கத்தைப் பார்த்துத்தான். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்குத் தடுப்பு மருந்தாக ஐவர்மெக்டின் மாதம் ஒருமுறை "கிலோவுக்கு 6 மில்லிகிராம்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். தடுப்பளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். 18 கிலோ நாய்க்கு ஒரு மில்லிகிராமில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும், இந்தப் பக்கத்தை நம்புகிறவர் 108 மில்லிகிராம் கொடுப்பார். நல்ல திடகாத்திரமான நாய்க்கே கண் விரிந்து, உடம்பு நடுங்கி, தள்ளாட ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு, மருந்து தொடங்குமுன் ரத்தத்தில் புழு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவே இல்லை. இதை அச்சுப்பிழை என்று விட முடியாது. நாய் தெரிந்த ஒருவர் ஒரு தடவை படித்திருந்தால் இந்த வரி நின்றிருக்காது.

இதை அப்படியே படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதல் நாள்: "அண்ணே, எழுதினவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." மறுநாள்: "புத்தகத்துல ஒண்ணு ரெண்டு தப்பு இருக்கும்ண்ணே, நீங்கதான் பாத்து எடுத்துக்கணும்." மூன்றாம் நாள் பதிலே இல்லை. செயலியின் சேவைப் பிரிவுக்கு எழுதினால், "பொருள் விவரிப்பின்படியே உள்ளது. பிரித்த புத்தகம் திருப்பி ஏற்கப்படாது." மூன்று பாகம் என்று விவரித்தார்கள், மூன்று பாகம் வந்ததாம். உள்ளே இருப்பது தவறு என்றால், "உள்ளடக்கம் பற்றிக் கருத்துக் கூற இயலாது." பார்சல் வந்த இரண்டாம் நாளே பணம் தானாக விற்றவர் கணக்குக்குப் போய்விட்டது. நான் "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை அழுத்தவே இல்லை. 168 வெள்ளி. திருப்பித் தர வேண்டாம், அந்த ஒரு பக்கத்துக்காவது திருத்தச் சீட்டு போடுங்கள் என்று கேட்டதற்கும் அதே பதில்தான் மறுபடி வந்தது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்கலாம் என்றார்கள். கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிர்த் தரப்பின் பெயர், முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது செயலியில் வைத்துக்கொண்ட ஒரு புனைபெயர். பணம் கட்டுமுன் உண்மைப் பெயரும் முகவரியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறை விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விற்பவர் தேர்ந்தெடுத்து அனுப்பும் பக்கத்தை நம்பாதீர்கள், நீங்கள் ஒரு பக்க எண் சொல்லிக் கேளுங்கள். எடை, உயரம், ரோமம் மூன்றையும் முதலில் பாருங்கள், அதில் பொய் இருந்தால் மிச்சம் படிக்க வேண்டாம். பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணின் (புத்தகத்தின் அடையாள எண்) ஒவ்வொரு இலக்கத்தையும் ஒன்று, மூன்று, ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். என்னுடையது 113 வந்தது. "சென்னை வெளியீடு" என்று போட்டிருந்தால் எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்க வேண்டும். இதில் 979-8, அது அமெரிக்காவுக்கு உரியது. மருந்தளவு எங்கே வந்தாலும் மில்லியா மைக்ரோவா என்று பாருங்கள்.

நீல அட்டை மூன்று பாகம் ஏற்கனவே வீட்டில் இருந்தால், இரண்டாம் பாகம் 87-ஆம் பக்கத்தை இன்றே கிழித்துவிடுங்கள். அதைப் பார்த்து நாய்க்கு மருந்து கொடுத்திருந்தால், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.