செங்கல்லைத் தட்டியே சோதிக்கும் கருவி: வாங்கலாமா?

பெட்டியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. குட்டிச் சுத்தியல், மைக், கல்லை வைக்க ஸ்பாஞ்சுத் துண்டுகள், கணினியில் ஓடும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான். கல்லின் ஒரு முனையில் லேசாகத் தட்டினால் மறுமுனையில் இருக்கும் மைக் ஒலியைப் பிடித்து, கல்லின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டியதும் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது, எத்தனை ஹெர்ட்ஸ் என்று உடனே திரையில் காட்டிவிடுகிறது. இரண்டு கல்லை மோதிப் பார்த்து, கணீர் என்றால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் வேகாத கல் அல்லது விரிசல் விட்ட கல் என்று கொத்தனார்கள் சொல்வார்கள் இல்லையா, அதே சோதனைதான், காது சொல்வது இங்கே எண்ணாக வருகிறது.

கணக்கும் ஒளிவுமறைவு இல்லாதது. 23 செ.மீ. நீளமுள்ள கல் நீளவாக்கில் 5000 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், நீளத்தின் இரு மடங்கை அதிர்வெண்ணால் பெருக்க, கல்லுக்குள் ஒலி நொடிக்கு 2300 மீட்டர் போகிறது என்று வரும். அந்த வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் மீட்சிக் குணகம், அதாவது கல் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண். கன மீட்டருக்கு 1800 கிலோ என்று வைத்தால் சுமார் 9.5 கிகாபாஸ்கல். வர்க்கம் வருவதால் அதிர்வெண் 5 சதவீதம் இறங்கினாலே குணகம் ஏறக்குறைய 10 சதவீதம் இறங்கிவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியாத உள்விரிசல்கூட எண்ணில் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, கல் உடைவதில்லை என்பதுதான். நொறுக்கும் எந்திரத்தில் வைத்த கல்லின் கதை அதோடு முடிந்தது, ஆனால் இதில் அதே கல்லை நனைத்து, காயவைத்து, உறையவைத்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தட்டிப் பார்த்து எப்போது தளர ஆரம்பிக்கிறது என்று பின்தொடரலாம். சூளையில் ஒரே சுட்டில் வெளிவந்த கற்களில் அரைவேக்காட்டைப் பிரித்தெடுக்கவும் அருமையாக உதவுகிறது.

இப்போது குறை. மென்பொருள் அதிர்வெண்ணோடு நிற்காமல் 'அமுக்க வலிமை' (எவ்வளவு அழுத்தினால் கல் நொறுங்கும்) என்றும் ஒரு எண்ணைக் கொடுக்கிறது, அதை அப்படியே நம்பாதீர்கள். அதிர்வு சொல்வது விறைப்பை. விறைப்புக்கும் வலிமைக்கும் உள்ள உறவு மண்ணுக்கு மண், சூட்டுக்குச் சூடு மாறும். உங்கள் கற்களில் சிலவற்றைத் தட்டி அளந்து, பிறகு அவற்றையே நொறுக்கிப் பார்த்து, உங்களுக்கென்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. விற்பவர்கள் இதைக் கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், சுவரின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கையேடும் போதாது. நீளவாக்கு அதிர்வுக்கு ஸ்பாஞ்சு கல்லின் நடுவில் இருக்க வேண்டும், கல் மேலும் கீழும் வளைந்து அதிரும் வளைவு அதிர்வுக்கு இரு முனையிலிருந்தும் நீளத்தின் 0.224 பங்கு தள்ளி, அதாவது 23 செ.மீ. கல்லுக்குச் சுமார் 5 செ.மீ. உள்ளே. இது தெரியாமல் கண்ட இடத்தில் வைத்தால் ஒலி சீக்கிரம் அமுங்கி, அளவும் தட்டுக்குத் தட்டு மாறும். அப்புறம் ஈரம், ஈரக் கல்லையும் காய்ந்த கல்லையும் ஒப்பிடவே கூடாது, எடை மாறாத வரை அடுப்பில் உலர்த்திவிட்டுத்தான் தட்ட வேண்டும். துளைக்கல், நடுவில் குழி உள்ள கல் என்றால் மேலே சொன்ன சூத்திரம் நேராகப் பொருந்தாது, அவற்றுக்கு ஒரே அச்சில் வார்த்த கற்களின் அதிர்வெண்ணை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

சூளை நடத்துபவர்களும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களும் தாராளமாக வாங்கலாம். ஒரே ஒரு வீட்டுக்குக் கல் பார்ப்பவருக்கு இது தேவையில்லை, நாலு கல்லை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய் நொறுக்கிப் பார்த்துவிடுங்கள்.