நாயோடு மலைக்குப் போகிறீர்களா? ராத்திரி நாய் எங்கே படுக்கும் என்று முதலில் கேளுங்கள்

சீசன் இல்லாத நேரத்தில் இலங்கை மலையகத்தில், சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணி, மஸ்கெலியாப் பக்கம் நாயோடு தங்கப் போகிறவர்கள் இதை முழுசாக வாசித்துவிட்டுப் போங்கள். போன ஜூலையில் எனக்கு நடந்தது.

என் நாயின் பெயர் சீனி. நாட்டு நாய்தான், ஐந்து வயது. அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவளும் மட்டும். மூன்று நாள் லீவு கிடைத்தது, அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லை. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே வெசாக்கோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு படிகளில் விளக்கு எரியாது, வழிக் கடைகள் பூட்டிக் கிடக்கும், லொட்ஜுகள் காலி. மலை ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சும்மா இருந்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

நாய் வருகிறது என்று, தங்கப் பிடித்த லொட்ஜின் மனேஜரிடம் போனில் இரண்டு தடவை சொன்னேன். “நாய்தானே மிஸ், பிரச்சினையே இல்ல, கூட்டிட்டு வாங்க” என்றார். ஒரு நாளைக்கு 6,000 ரூபா. இரண்டு நாள் காசு 12,000 ரூபாவை முன்கூட்டியே வங்கியில் போட்டேன்.

ஹட்டன் தாண்டியதிலிருந்து மழை. நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் மூட்டத்துக்குள்தான் கடந்தேன். போய்ச் சேர மாலை ஆறு மணி ஆகிவிட்டது. லொட்ஜில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. மூன்றாவது நாளுக்கான மிச்சம் 6,000 ரூபாவைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவி வந்தது, பற்றுச்சீட்டு வரவில்லை. சீனி காரிலிருந்து இறங்கியதும் மனேஜரின் முகம் மாறியது. நாய் அறைக்குள் வர ஏலாதாம், பின்னால் கட்டிப் போடலாமாம்.

பின்னால் போய்ப் பார்த்தேன். குசினிச் சுவரில் ஒரு இரும்புக் கொக்கி, அதில் துருப்பிடித்த சங்கிலி. மேலே ஒரு தகரம்கூட இல்லை. பத்தடி தள்ளித் தேயிலை, அதற்கு மேலே காடு. வாச்சர் ஐயா டோர்ச்சோடு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “இங்க கட்டாதீங்க மகள். முன்ன இருந்த நாய புலி தூக்கிட்டுப் போயிருச்சு. காலைல பாத்தா சங்கிலிதான் கெடந்துச்சு.”

மலையக ஆட்களுக்கு இது புதுசில்லை. அவர்கள் புலி என்று சொல்வது சிறுத்தையை. காட்டை ஒட்டிய தோட்டங்களில் அது நடமாடும், கட்டிப் போட்ட நாய் அதற்கு லேசான இரை. 2020 மே மாதம் லக்சபான தோட்டத்தில் கம்பிக் கண்ணியில் சிக்கி ஒரு கருஞ்சிறுத்தை செத்ததே, அது இந்தப் பக்கம்தான். (அந்தக் கண்ணிகளில் நாயும் மாட்டும். தேயிலைக்குள் நாயை அவிழ்த்து விடாதீர்கள்.)

மனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை. “அது சின்ன நாய் மிஸ், உங்க நாய் பெருசுதானே” என்றார். எனக்குக் கை நடுங்கியது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். துப்புரவுக் கட்டணம் என்று ராத்திரிக்கு 5,000 ரூபா கொடுத்தால் அறைக்குள் வைத்துக்கொள்ளலாமாம். இருட்டு, மழை, தனியாக ஒரு பெண், அந்த வளைவு ரோட்டில் திரும்பிப் போக மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். கொடுத்தேன்.

அறையில் போர்வை ஈரவாடை. ஒரு ஆளுக்காக கீசர் போட முடியாது என்றார்கள். சாப்பாடும் இல்லை, கொண்டுபோன பாணை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். நடுச்சாமத்தில் சீனி எழுந்து கதவைப் பார்த்து உறுமினாள், முதுகு முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. வெளியே என்ன வந்தது என்று தெரியாது. விடியும்வரை அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் கிளம்புகிறேன், மிச்ச இரண்டு நாள் காசைத் தாருங்கள் என்றேன். தரமாட்டார்களாம், சீசன் இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் இப்படிப் போனால் அவர்கள் எப்படிப் பிழைப்பதாம். ஒரு ராத்திரிக்கு மொத்தம் 23,000 ரூபா.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். கையில் கொடுத்த 11,000 ரூபாவுக்கு என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை, வங்கிச் சீட்டு மட்டும்தான். அதனால் சொல்கிறேன்: “நாய் வரலாம்” என்ற வார்த்தையை நம்பிக் காசு போடாதீர்கள். நாய் அறைக்குள் என்னோடு படுக்கும், அதற்கு மேலதிகக் கட்டணம் இவ்வளவு அல்லது இல்லை என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அறைக் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இடத்துக்குப் போனதும் காசைக் கொடுக்க முதல் நாயை உள்ளே கொண்டுபோங்கள். பகல் இரண்டு மணிக்கு முன்னமே போய்ச் சேருங்கள், சரியில்லை என்றால் வெளிச்சத்திலேயே மஸ்கெலியாவுக்கோ ஹட்டனுக்கோ இறங்கிவிடலாம்.

அந்தக் கொக்கியையும் சங்கிலியையும் படம் எடுத்து முறைப்பாட்டோடு சேர்த்திருக்கிறேன். வாச்சர் ஐயா சொன்னதை அதில் எழுதவில்லை. அவருக்கு அந்த வேலையை விட்டால் வேறு இல்லை.